ஈசல் புரட்டிய பக்கங்கள்

கோபாலபுரம் சாவடியில் எனக்கு இரவுப் பணி.
பாலக்காட்டுப் பக்கமிருந்து கோழி வண்டி வந்தால்
டயருக்கு மருந்தடிக்க வேண்டும், நான்குக்கும், சில நேரம் ஆறுக்கும்.
பதினொன்றரை தாண்டினால் வண்டி குறையும்.
மீதி இரவு புத்தகத்துக்கு.
மருந்துக் கை பட்டுப் பட்டு
அட்டைப்படத்துப் பெண்ணுக்கு முகமே வெளுத்துப்போனது.
கருவிக்கு மாறியது அதனால்தான்,
நாகரிகம் முற்றி அல்ல.

முதலில் வாங்கியது பழசு.
சித்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு செல்போன் கடை,
ஆயிரத்து நானூறு, உறை இனாம்.
இரண்டு ஓரத்திலும் பொத்தான்.
கையுறையைக் கழற்றாமல் பக்கம் திருப்பலாம்,
அந்த ஒன்றுக்காகவே அதைக் கட்டிக்கொண்டு அழலாம்.
ஆனால் தமிழ் வராது அதற்கு.
'கொலை' என்றால்
கொம்பு ஒரு மூலையில், கால் ஒரு மூலையில்,
நடுவில் ஆளில்லாத ஒரு புள்ளி வட்டம்.
இரண்டு மாதம் அப்படியே படித்தேன்.
பிறகு சுவரொட்டியில் ஒழுங்கான எழுத்தைப் பார்த்தபோது
ஒட்டுப்போட்ட சட்டைபோல் இருந்தது.

விளக்கும் கிடையாது.
மின்சாரம் போன இரவுகளில்
நிறுத்திவைத்த லாரியின் முன்விளக்கில்
ஒரு பத்தி, இரண்டு பத்தி.
ஓட்டுநர் சீட்டைக் கேட்டால்
"இந்தா, இந்த வரி முடியட்டும்."

அடுத்தது தொடுதிரை.
எட்டாயிரத்துச் சில்லறை, மூன்று தவணை.
விளக்கு உண்டு, தமிழ் தமிழாகவே வந்தது.
குறையே இல்லை என்று நினைத்திருந்தேன்,
ஐப்பசி மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்பும்வரை.
திரையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கம்பி ஓடுகிறதாம்.
குறுக்கே போவது விரலா இறகா என்று
அது விசாரிப்பதில்லை.
நாவலில் ஒரு கொலை நடக்க இருந்தது.
நான் டயருக்கு மருந்தடித்துத் திரும்புவதற்குள்
நடந்து, பிணம் எடுத்து,
சாட்சி கூண்டேறி அழுதுகொண்டிருந்தார்.
கொன்றது யார் என்று
என்னைவிட முன்பே ஈசலுக்குத் தெரியும்.

அந்தப் பக்கச் சாவடியில் ரெஜிமோன்.
அவருடையது பத்து அங்குலம்,
மனைவி அயர்லாந்தில் நர்ஸ், அங்கிருந்து அனுப்பியது.
ஓரிரவு மாற்றிப் பார்க்கலாமா என்று அவர்தான் கேட்டார்.
நடுவில் முப்பதடி தார்ச்சாலை, ஒரு வேகத்தடை.
இவ்வளவு பெரிய எழுத்தை நான் படித்ததில்லை.
ஒரு பக்கத்துக்குள் ஒரு வீடே அடங்கியது.
ஈசலும் மதிக்கவில்லை அதை,
அதன் மெத்தென்ற வெளிச்சத்தில் ஒன்றிரண்டு உட்கார்ந்து
சும்மா எழுந்து போயின.

ஆனால் பத்து நிமிடம் தொடாவிட்டால்
அது உறங்கப் போகும்.
உறங்கும் திரையில் அவர் வருவார்.
பனியில் ரப்பர் பூட்ஸ், ஆண்பிள்ளைக் கோட்டு,
கண் கூசிச் சிரிப்பு.
யார் வீட்டுக் கதவையோ
தெரியாமல் திறந்துவிட்டதுபோல் இருந்தது எனக்கு.
அவர் வராமலிருக்க
படிக்காமலே பக்கம் புரட்டினேன்,
ஒரு முட்டை வண்டி வர, எழுந்து போனேன்.
திரும்பி வந்தால் நாற்காலியில் அவர்,
என்னைப் பார்த்து அல்ல.

விடியுமுன் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
எப்படி என்றார்.
திரை நன்று, எழுத்து நன்று,
மணிக்கட்டுதான் கேட்கவில்லை.
"கனம்" என்றேன்.

"அதே" என்றார் ரெஜிமோன்.
அவர்கள் பேச்சில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.
ஒரு கோழி வண்டி ஒலி எழுப்பியது.
கையுறையை மாட்டிக்கொண்டு
என் பக்கத்துக்கு நடந்தேன்.